என் பேச்சை நான் பேசுறேன்

காப்பித் தம்ளரைச் சந்தனமேரி இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள். மகள் அனிதாவின் நிச்சய நாளான அன்று காலை அது வாய்க்கு வருமுன் ஆடி, புதுச் சேலையில் கொட்டியது. பார்த்துக்கொண்டே நின்ற கொழுந்தன் ஆரோக்கிய பிரபு, மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டான்.

"தப்பா எடுத்துக்காதீக மதினி. அனிதாவை நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டுக்காரவுக தேவகோட்டையிலருந்து கிளம்பிட்டாக. நீங்க உள் ரூம்லயே படுத்துக்கங்க. காய்ச்சல்னு சொல்லிக்கிறேன்."

"ஏ...ன்?"

"நீங்க நடக்குறதையும் பேசுறதையும் பார்த்தா குடிச்சிருக்கீகன்னு நெனைப்பாக. இல்லாட்டி பரம்பரை வியாதியோன்னு பயப்படுவாக. அனிதா வாழ்க்கை மதினி..."

சந்தனமேரி கணவனைப் பார்த்தாள். உபகாரசாமி குனிந்து, சிந்திய காப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு, மேரி..." என்றார், நிமிராமலே.

அதுதான் அவளை உடைத்தது. அவள் ஒக்கூருக்கு மருமகளாக வந்தபோது பிரபு தாயில்லாத கைப்பிள்ளை. அவனை இடுப்பில் தூக்கியவள், ஆசிரியர் பயிற்சியைப் பாதியில் விட்டாள். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சிறுமூளையில் ரத்தக்குழாய் அடைத்து விழுந்த பிறகு, கைகாலில் பலம் இருந்தும் அவை அவள் நினைத்த இடத்துக்குப் போகவில்லை. நாக்கும் அப்படித்தான். காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போய், காலை அகட்டி வைத்து நடக்கப் பழகினாள். தொடையில் விரலால் தட்டித் தட்டி, மூச்சுக்கு ஓரிரு வார்த்தையாகப் பேசப் பழகினாள். பேச்சு திரும்பிக்கொண்டுதான் இருந்தது. வீட்டில்தான் அதைக் கேட்டு முடிக்க ஆளில்லை. அவள் தொடங்கினால் மற்றவர்கள் முடித்தார்கள்.

அழுதால் மூச்சு கலையும், பேச்சும் போகும். அதனால் உள்ளறையில் ஒரேயடியாக அழுது தீர்த்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா கேட்பது காதில் விழுந்தது. "பொண்ணோட அம்மாவை எங்க காணோம்?"

"காய்ச்சல்ங்க. எந்திரிக்கவே முடியல" என்றான் பிரபு.

கதவு திறந்தது. சந்தனமேரி சுவரைப் பிடித்து வந்தாள். சுவர் முடிந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு நடந்தாள். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. யாரோ முணுமுணுத்தார்கள். பிரபு பாய்ந்து வந்தான்.

"மதினி என்ன சொல்ல வர்றாகன்னா..."

"என் பேச்சை... நான்... பேசுறேன்."

அவன் நின்றுவிட்டான். அவள் விரல் தொடையில் தட்டத் தொடங்கியது.

"எனக்கு... காய்ச்சல் இல்ல. மூளையில... ரத்தம்... அடைச்சுச்சு. பரம்பரை... இல்ல. குடியும்... இல்ல. நடந்தா... தள்ளாடும். பேசுனா... நேரமாகும். என்னை... ஒளிச்சு வச்சு... என் மக கல்யாணம்... நடக்க வேண்டாம். பிடிக்காட்டி... இப்பவே... சொல்லிருங்க."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சம்பந்தி. நேரமானா ஆகட்டும், கேக்கத்தானே வந்திருக்கோம்." பிறகு பிரபுவைப் பார்த்தாள். "நடந்து வாரவுகளைப் போயி எந்திரிக்க முடியலைன்னீகளே தம்பி..."

அவன் தலை குனிந்தான்.

மரிய அனிதா வந்து தாயின் முன் முழந்தாளிட்டாள். மகளை ஆசீர்வதித்து நெற்றியில் சிலுவை போடச் சந்தனமேரியின் கை எழுந்தது. நெற்றியை நெருங்க நெருங்க நடுக்கம் கூடியது. பிரபு மதினியின் மணிக்கட்டைப் பிடிக்க வந்தான்.

"விடு."

சிலுவை கோணலாகப் புருவத்தின் மேல் விழுந்தது. அனிதா அந்தக் கையை அப்படியே கன்னத்தோடு சேர்த்துக்கொண்டு அழுதாள்.

அனிதா எழுந்த இடத்தில் பிரபு முழந்தாளிட்டான்.

"எனக்கும் போடுங்க மதினி... என்னைத் தூக்கி வளர்த்தவுகளை நான் ஒளிச்சு வைக்கப் பார்த்தேன்..."

சந்தனமேரி உடனே கையைத் தூக்கவில்லை.

"இனி... என் பேச்சுல... குறுக்க... வருவியா?"

கடைசி வார்த்தைவரை அவன் காத்திருந்தான். பிறகுதான், "வரமாட்டேன்" என்றான்.

"நீங்க?" என்று கணவனைப் பார்த்தாள். உபகாரசாமி துண்டால் கண்ணைத் துடைத்தபடி தம்பியின் பக்கத்தில் வந்து நின்றார்.

அவள் கையைத் தூக்கினாள். அது பிரபுவின் நெற்றிக்கு வந்து சேர நேரம் பிடித்தது. யாரும் உதவிக்கு எழவில்லை.