இரண்டு வருடத்துக் கருப்பு

"இதைப் பளபளன்னு ஆக்கிக் கொடுங்க. அதுக்கப்புறம் நான் இதைப் பார்க்கவே போறதில்ல."

சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சின் முரண் தங்கைக்கே உறைத்தது. பார்க்கப் போவதில்லை என்றால் பளபளப்பு எதற்கு? நேற்றுக் காலையிலிருந்து அவள் மனத்தில் எதுவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

மேஜைமேல் அவள் பிரித்து வைத்த காகிதத்தில் ஒரு வெள்ளிக் காப்பு கிடந்தது. கரிக்கட்டையாகக் கருத்திருந்தது.

வெள்ளி நகைகளுக்கு மெருகு போடும் சின்னக் கடை அது. நடத்துகிறவரைப் பாலிஷ்காரம்மா என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். ஒரு நகையைக் கையில் வாங்கினால் அது இருந்த இடம், பட்ட பாடு எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். காவல் நிலையத்திலிருந்தே திருட்டு நகைகளை எடுத்துக்கொண்டு வந்து கேட்பார்கள். கூடவே இருந்து உதவுகிறவள் அவருடைய நாத்தனார். வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

ரேடியோ அதற்குள் தட்டில் அலுமினியத் தாளை விரித்து, சோடா உப்பைத் தூவி, வெந்நீரை ஊற்றிவிட்டாள். "அஞ்சு நிமிஷம்தான். கருப்பு வெள்ளியை விட்டுட்டு இந்தத் தாளுக்குப் போயிடும். புதுசு மாதிரி..."

காப்பு தண்ணீரைத் தொடும் முன் பாலிஷ்காரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "இரு. இது யாருது?"

"எங்க அக்காவோடது," என்றாள் தங்கை. "ரெண்டு வருஷம் முன்னாடி வீட்டை விட்டுப் போயிட்டா. தேடாத இடமில்ல. இனிமே தேட வேணாம், அவ தானாத்தான் போனான்னு எழுதி அத்தான் என்கிட்ட கையெழுத்து கேட்டுட்டே இருக்கார். முந்தாநாள் ராத்திரி எட்டு மணிக்கு போன்ல முடியாதுன்னு சொல்லிட்டேன். அம்மா போட்டுவிட்ட காப்பை அவ கழட்டவே மாட்டா, அதை அடையாளமா வெச்சுத் தேடுவோம்னேன். நேத்து காலையில ஏழு மணிக்கு இதோட வந்து வாசல்ல நிக்கிறார். போன அன்னிக்கே கழட்டி மர பீரோவுல போட்டுட்டுப் போயிட்டாளாம். திருகாணியைக் கூட மூடித்தான் வெச்சிருந்தாளாம். அதுக்கப்புறம் யாரும் தொடலயாம்."

அவள் சொல்லாத ஒன்றும் இருந்தது. அந்தக் கருப்பைப் பார்த்ததும் முதலில் அக்காமேல் கோபம் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு நிம்மதி பூனைபோல நுழைந்தது. அப்பாடா, இனித் தேட வேண்டாம். அந்த நிம்மதியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

"விஷம் பட்டா வெள்ளி கருக்கும்னு சொல்வாங்களே அண்ணி," என்று ரேடியோ குரலைத் தாழ்த்தினாள். "ஒருவேளை அந்த ஆளு..."

"நீ பார்க்கிற சீரியலை முதல்ல நிறுத்து. அந்தப் பொண்ணு முகத்தைப் பாரு."

பாலிஷ்காரம்மா கண்ணாடி வில்லையைக் கண்ணில் பொருத்திக்கொண்டார். "இது உங்க அக்காது தானா?"

"ஆமா. இந்த நசுங்கல் அவ சைக்கிள்ல இருந்து விழுந்தப்ப ஆனது."

அவர் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருகாணியைக் கழற்றி அதன் மரையையும் பார்த்தார். பூ வேலைப்பாட்டின் இடுக்கிலிருந்து ஊசி முனையால் எதையோ நெம்பி வெள்ளைக் காகிதத்தில் தட்டினார். மஞ்சளாக ஒரு துணுக்கு. ரேடியோ குனிந்து முகர்ந்தாள்.

"முட்டை. வேகவெச்ச மஞ்சள் கரு. கண்ணைக் கட்டிட்டுக் கேட்டாலும் சொல்வேன்."

"தண்ணியைக் கொட்டிடு," என்றார் பாலிஷ்காரம்மா. "இதைத் துடைக்கக் கூடாது."

பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார். "வெள்ளி தானா கருத்தா ஒரே மாதிரி கருக்காதும்மா. முதல்ல மஞ்சளாகும், அப்புறம் பழுப்பு, கடைசியிலதான் கருப்பு. பலகையில படிஞ்சு கிடந்த பக்கம் வெளுத்திருக்கும். மூடின திருகாணிக்குள்ள காத்து போகாது, மரை வெள்ளையாவே இருக்கும். இதுல எல்லாப் பக்கமும் ஒரே கருப்பு. மரை அடி வரைக்கும் கருப்பு. திருகாணியைத் திறந்து வெச்சு, வேகவெச்ச முட்டையோட டப்பாவுல போட்டு மூடியிருக்காங்க. முட்டையில இருக்கிற கந்தகம் வெள்ளியைக் கருக்கிடும்."

"எதுக்கு?"

"பழசுன்னு காட்ட. நீங்களே யோசிங்க. ரெண்டு வருஷம் பீரோவுல கிடந்திருந்தா தானாவே மங்கியிருக்கும். மண்ணுக்குள்ள கிடந்திருந்தாலும் அப்படித்தான். கருப்பு ஏத்த வேண்டிய அவசியம் யாருக்கு வரும்? கையில கிடைச்சப்ப இது வெளேர்னு இருந்திருக்கு. வெள்ளி எப்ப வெளேர்னு இருக்கும்?"

தங்கை தன் மணிக்கட்டைத் தொட்டாள். "தினம் போட்டுட்டு இருந்தா..."

"ஆமா. தோல்ல உரசி உரசி. முந்தாநாள் வரைக்கும் இது உயிரோட இருக்கிற ஒரு கையில இருந்திருக்கு. எட்டு மணிக்கு நீங்க பேசினீங்க. இவ்வளவு கருப்பு ஏற ராத்திரி முழுக்க வேணும். எங்கேயோ போய் வாங்கிட்டு வர அவருக்கு நேரமே இல்ல."

"அப்போ அந்த வீட்டுக்குள்ளயேவா அடைச்சு வெச்சிருக்கான்?" என்றாள் ரேடியோ.

போன மாதம்கூட அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவள் எனக்குச் செத்துப்போய்விட்டாள் என்று தங்கை உரக்கச் சொல்லியிருந்தாள். உரக்கத்தான் சொல்லியிருந்தாள்.

கைப்பேசி அடித்தது. அத்தான்.

"சாதாரணமா பேசுங்க," என்றார் பாலிஷ்காரம்மா. ரேடியோ காப்பைக் காகிதத்தோடு எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடினாள்.

"மனசு தேறிச்சாம்மா?" அவர் குரல் எப்போதும்போல மெத்தென்று இருந்தது.

"தேறிடுச்சு அத்தான். பேப்பரை எடுத்துட்டு எங்க வீட்டுக்கு வாங்க. கையெழுத்துப் போடறேன்."

"வரேன். மாடியில ஒரு வேலை இருக்கு, அதை முடிச்சிட்டு..."

அக்கா அங்கேதான் இருக்கிறாள் என்று தங்கைக்குத் தோன்றியது. அவரை உடனே அங்கிருந்து கிளப்பியாக வேண்டும். "அப்புறம் முடிச்சுக்கோங்க அத்தான். என் புத்தி உங்களுக்குத் தெரியாதா? இன்னும் அரைமணி போனா மாறிடும்."

அவர் சிரித்தார். "சரி, சரி. கிளம்பிட்டேன்."

அவர் வந்தபோது தங்கை வீட்டுச் சமையலறையில் பாலிஷ்காரம்மாவும் இரண்டு போலீஸ்காரர்களும் சத்தமில்லாமல் நின்றிருந்தார்கள். ரேடியோ மற்ற போலீஸ்காரர்களோடு அத்தான் வீட்டுக்குப் போயிருந்தாள்; அங்கிருந்து அவள் போன் வரும்வரை அவரை இங்கேயே உட்கார வைக்க வேண்டும். அத்தான் காகிதத்தைப் பிரித்து, சுருக்கங்களை நீவிவிட்டு, பேனாவின் மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தார். தங்கை ஒவ்வொரு வரியாக, எழுத்துக் கூட்டுகிறவள்போலப் படித்தாள். மூன்றாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது.

மறுமுனையில் ரேடியோ இல்லை. முதலில் மூச்சு மட்டும். பிறகு, நெடுநாள் பேசாத தொண்டையிலிருந்து ஒரு "ஏய்".

"யாரு போன்ல?" என்றார் அத்தான்.

தங்கை பேனாவைக் கீழே வைத்தாள்.

"அக்கா."