யாரும் ஏறாதபோது

முதல் சோதனையன்று வீட்டில் இருந்தவர்கள், அவன் நோட்டில் எழுதியபடி:

அக்கா, 62.0
அத்தான், 84.0
பாப்பா, 20.0
நான், 71.0
முதலாம் மெஷினில் யாரும் ஏறாதபோது, 4.0

கடைசி வரியை எழுதிவிட்டு அவன் பேனாவை மூடவில்லை. எடை மெஷினைத் தட்டினால் திரையில் பூஜ்ஜியம் வரவேண்டும். மற்ற ஏழிலும் வந்தது. இந்த ஒன்றில் மட்டும் நான்கு வந்து நின்றது. தூசாக இருக்கும், ஈரமாக இருக்கும் என்று மெஷினைக் கவிழ்த்து, நான்கு மூலைச் சென்சார்களையும் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காலுக்குப் புது ரப்பர் ஒட்டித் திரும்பத் தரையில் வைத்தான். பூஜ்ஜியம் வந்தது. மூச்சு விட்டான். அப்புறம், யாரோ யோசித்து யோசித்துக் காலை எடுத்து வைப்பதுபோல எண் மெல்ல ஏறியது. ஒன்று. இரண்டரை. நான்கு.

எட்டும் ஒரே இடத்துச் சரக்கு. மூடிப்போன எடைக் குறைப்பு நிலையம் ஒன்றிலிருந்து பழைய சாமான்காரர் மொத்தமாக அள்ளி வந்தவை. வியர்வையும் பவுடரும் கலந்து புளித்த ஒரு வாடை கண்ணாடித் தட்டுகளில் ஊறிக் கிடந்தது. எத்தனை துடைத்தாலும் மறுநாள் காலையில் அது அறைக்குள் இருந்தது. நன்றாக ஓடிய இடத்தை ஏன் மூடினார்கள் என்று கேட்டதற்கு, அவர் மூட்டையை முடிந்தபடியே சொன்னார்.

"எல்லாரும் இளைச்சாங்க தம்பி. நல்லாவே இளைச்சாங்க."

குளிர்பதனக் கிடங்கின் இரவு வேலையை அவன் உதறிவிட்டு வந்து ஆறு மாதம். அக்கா வீட்டுப் பின்னறைதான் படுக்கை, பட்டறை, கடை எல்லாம். பழையதை வாங்கிச் சரிசெய்து விற்கப்போகிறேன் என்று அவன் வாயைத் திறந்த அன்றே, அத்தான் அவனுக்கு 'முதலாளி' என்று பேர் வைத்துவிட்டார்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும்தான், முதலாளி. அதுக்குள்ள ஒரு சரக்காவது வாசலைத் தாண்டணும். இல்லேன்னா இந்த ரூமுக்கு வேற ஆள் வந்துடுவாங்க. உங்கக்கா அழுகையெல்லாம் இந்தத் தடவை எடுபடாது."

அக்கா அழவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை. பின்னறையை விட்டால் அவனுக்குக் கிடங்குதான். எலும்புவரை இறங்கும் அந்தக் குளிருக்குத் திரும்புவதை நினைத்தாலே அவனுக்கு விரல் நுனிகள் மரத்தன.

ஒரு வாரம் கழித்து, நன்றாக ஓடும் மெஷின் ஒன்றில் எல்லோரையும் மறுபடி ஏற்றினான். அக்கா 60. அத்தான் 82. பாப்பா 18. அவன் 69. ஆளுக்கு இரண்டு குறைந்திருந்தது.

"பாத்தியாடா, குறைஞ்சுட்டேன்!" என்றாள் அக்கா. "ராத்திரிச் சாப்பாட்டைக் குறைச்சது வேலை செய்யுது."

"நீ குறைச்சே. நான் எதைக் குறைச்சேன்?" என்றார் அத்தான். "மெஷின் பொய் சொல்லுதுடி. முதலாளி, ஏறினாலே ரெண்டு கிலோ குறையும்னு போர்டு எழுதி மாட்டு. பிச்சுக்கிட்டுப் போகும்."

மெஷின் பொய் சொல்லவில்லை. பத்து கிலோ இரும்புக் கட்டியை வைத்துப் பார்த்தான். பத்து என்றே காட்டியது. பாப்பாவின் பள்ளிப் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். நான்கு பேர், ஆளுக்கு இரண்டு. பின்னறைக்குப் போய் முதலாம் மெஷினைத் தட்டினான்.

12.0.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் போன் செய்தார். எட்டும் வேண்டும், நாளைக் காலையில் வேண்டும். ஏழு போதுமா என்று கேட்டான்.

"எட்டுன்னா எட்டு. முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற இடம் பாத்துக்கறேன்."

முடியும் என்றான். மெஷினுக்குள் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அழுத்தும் நேரத்தில் தட்டின்மேல் எது இருந்தாலும் அதையே பூஜ்ஜியம் என்று மெஷினுக்குக் கற்றுக்கொடுக்கும் பொத்தான். அழுத்தினான். பன்னிரண்டு, பூஜ்ஜியம் ஆனது. அங்கே இருப்பதை இல்லை என்று சொல்ல அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மாலையில் எட்டையும் சுவரோரத்திலிருந்து கதவு வரை வரிசையாகத் தரையில் பரப்பி, திரை அணையாத சோதனை முறையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழும் தண்ணீர்ச் சத்தமும், ஸ்பிரிட் நெடியும், அதற்கடியில் கிளம்பி வந்த அந்தப் புளித்த வாடையும் அறையை அடைத்துக்கொண்டிருக்க, அவன் சுவரோரப் பலகையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. இருட்டில், பேட்டரியில் ஓடும் எட்டு நீலத் திரைகள் மட்டும் மிஞ்சின. எட்டுப் பூஜ்ஜியங்கள்.

முதல் திரை மாறியது.

மைனஸ் 12.0.

மேலே இருந்தது இறங்கிவிட்டது என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இரண்டாவது மெஷின். 12.0. மறுபடி பூஜ்ஜியம். மூன்றாவது. 12.0. கண்ணாடித் தட்டு லேசாக முனகியது. நான்காவது. ஈரப் பாதம் கண்ணாடியில் ஒட்டிப் பிரியும் சத்தம். ஐந்து. அவசரமில்லை அதற்கு. ஆறு. அவனை விட்டு விலகி. ஏழு. கதவைப் பார்த்து.

எட்டு. 12.0.

அங்கேயே நின்றது.

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் பாப்பாவின் குரல். "மாமா, இருட்டா இருக்கு. உள்ள வரட்டா?"

"வராதே! போடி! ஓடு!"

அவளிடம் அவன் ஒருநாளும் கத்தியதில்லை. அழுகை வெடித்தது. தடதடவென்று நடை. கதவு அகலத் திறந்து டார்ச் வெளிச்சம் அவன் முகத்தில் அடித்தது.

"என் வீட்டுல உக்காந்துக்கிட்டு என் பொண்ணையே விரட்டுறியா?" என்றார் அத்தான்.

"அத்தான், கதவைச் சாத்துங்க. உள்ள ஒண்ணு இருக்கு."

"என்ன இருக்கு?"

"பன்னெண்டு கிலோ."

அத்தான் சிரித்தார். "காலையில சரக்கு போகணும்னதும் முதலாளிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு."

அவன் சுவரோரமாகவே பாய்ந்து வாசலுக்கு வந்தான். அத்தானின் கை அவன் நெஞ்சில் விழுந்தது. ஒரே தள்ளு. பெட்டிகள்மேல் போய் விழுந்தான்.

"ரூம் வேணும் ரூம் வேணும்னு தவிச்சே இல்ல? இரு. மூட்டை கட்டி முடிச்சப்புறம் வெளிய வா."

கதவு படாரென்று மூடிக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

இருட்டு. அவன் தரையைப் பார்த்தான். முதல் மெஷினில் அதே மைனஸ். மற்றவை பூஜ்ஜியம். எட்டாவதும்.

வரிசை முழுக்கத் தேடினான். எதிலும் இல்லை. அப்படியென்றால் தன்மேலா? தவழ்ந்து போய் எட்டாவது மெஷினில் ஏறினான். எண்கள் அலைந்து, மெல்ல நின்றன.

69.0.

இறங்கி மறுபடி ஏறினான். 69.0. அவன் எடை. அவன் மட்டும். அறையில் வேறு யாருமில்லை.

வாடையும் இல்லை.

கதவுக்கு வெளியே பாப்பாவின் அழுகை சட்டென்று நின்றது.

"சரி, சரி. வா, அப்பா தூக்கிக்கறேன்." ஒரு முக்கல். இழுத்த மூச்சு. "அம்மாடி! என்னடி, திடீர்னு இந்தக் கனம் கனக்குறே?"



"அத்தான்!" அவன் இரு கைகளாலும் கதவை அறைந்தான். "இறக்கி விடுங்க! அவளை இறக்கி விடுங்க!"

வெளியிலிருந்து பூட்டச் சாவி நுழைந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.