தோளில் நாலு விரல்

இடைவேளை விட்டதும் காலை உதறிக்கொண்டு எழுந்து, மாணவர்களின் பலகைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவது ஓவிய வகுப்புக்கு மாடலாக உட்காரும் அவளுக்கு வழக்கம். நாற்காலியில் மரமாக உட்கார்ந்திருந்ததற்கு அது ஒன்றுதான் கூலிக்கு மேல் கிடைக்கிற வேடிக்கை. ஒருவன் படத்தில் அவள் தாடையைக் கழற்றி வைத்திருப்பான். இன்னொருத்தி பத்து வயதைக் கூட்டிப் போட்டிருப்பாள். அன்று மதியம் ஜன்னலோரத்து நெட்டைப் பெண்ணின் தாளில், அவளுடைய இடது தோள்மேல் நாலு விரல்கள் இருந்தன.

"இது யாரு கை?"

"உங்க கைதான் ஆன்ட்டி."

"என் கை ரெண்டும் மடியில இருக்கு. நீயேதான் வரைஞ்சிருக்க, பாரு."

நெட்டைப் பெண் மடியைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள். "அட, ஆமா. ஆனா பார்த்ததைத்தான் ஆன்ட்டி வரைஞ்சேன்."

ஓவிய மாஸ்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பின்னாடி கறுப்புத் துணி தொங்குதில்ல, அதோட மடிப்பு. நிழலைப் போய்க் கைன்னு நினைச்சிருக்கா." ரப்பரைப் பிசைந்து விரல்களை ஒற்றி எடுத்தார். கரி அப்படி லேசில் போகிற பொருள் இல்லை. தாளுக்குள் இறங்கிவிட்டால் என்ன தேய்த்தாலும் ஒரு சாம்பல் கறை நிற்கும். நாலு கறைகளும் நின்றன.

அவள் திரும்பி வந்து நாற்காலியைப் பார்த்தாள். முதுகில்லாத பழைய முக்காலியை மாற்றி இந்த நாற்காலியை வாங்கிப் போட வைத்ததே அவளுடைய அக்காதான். அக்கா இருபது வருஷத்துக்குமேல் இங்கே மாடலாக உட்கார்ந்தவள். அவளுக்கு இந்த ஓவியப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயரே 'சிலை'. தங்கையான இவளைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்தச் சிலைதான். தங்கையோ கணவன் வீட்டில், அக்கா ஏதோ ஆபீசில் கணக்கு எழுதுகிறாள் என்று சொல்லி வைத்திருந்தாள். கல்யாணத்தன்று குடும்பமாக நின்று போட்டோ எடுக்கும்போது, "நீ கொஞ்சம் பந்தியைப் பாத்துக்கோயேன்க்கா," என்று சொல்லி அனுப்பியதும் அவள்தான். அக்கா மறுபேச்சு பேசாமல் போனாள். பிறகு கணவன் வேறொருத்தியைத் தேடிக்கொண்டு கைகழுவியபோது, பெட்டியோடு வந்து நின்றவளுக்குப் பாயை நகர்த்திப் போட்டு அக்கா இடம் கொடுத்தாள். ஒரே ஒரு நாள்தான் வாய்விட்டுச் சொன்னாள். "உட்கார்ந்து சம்பாதிக்கிறாள்னு எல்லாரும் சிரிக்கிறீங்க. உட்கார்ந்து பாரு, தெரியும்."

போன வருஷம் ஒரு நாள் அக்கா இந்த நாற்காலியிலேயே இறந்துபோனாள். எப்போது உயிர் போனது என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவு நன்றாக அசையாமல் இருக்கப் பழகியிருந்தாள். கண் திறந்தபடியே இருக்க, வகுப்பு முழுக்கச் செத்தவளை உட்கார்ந்து வரைந்திருக்கிறது. மாஸ்டர் "இடைவேளை" என்றதும் எல்லோரும் எழுந்தார்கள், அவள் எழவில்லை. அன்றைய ஸ்கெட்சுகளில் நன்றாக வந்த ஒன்றைக் கண்ணாடி போட்டு வாசல் நடையில் மாட்டி வைத்திருக்கிறார்கள். வேறு வேலை கிடைக்காமல் இங்கேயே வந்து சேர்ந்த தங்கை, தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே வருகிறாள். எடுத்துவிடச் சொல்லிக் கேட்டதற்கு, "எங்க பள்ளிக்கூடத்துலயே பெஸ்ட் படம் அதுதாம்மா," என்றார் மாஸ்டர்.

இரண்டாவது போஸுக்கு உட்கார்ந்தாள். வெளியே மழை பிடித்திருந்ததால் மதியமே மங்கிவிட்டது. மாஸ்டர் பெரிய விளக்கைப் போட்டு அவள் முகத்தில் பாதி வெளிச்சமும் பாதி இருட்டும் விழும்படி திருப்பினார். கரிக்குச்சிகள் தாளில் உரசத் தொடங்கின. பன்னிரண்டு பேரும் ஒன்றாக வரையும்போது எழும் அந்தச் சத்தம், ஒரு மரம் நிறையப் பூச்சிகள் உட்கார்ந்து இலையை அரித்துத் தின்பதுபோல் சீராக, நிற்காமல் வந்துகொண்டிருந்தது. தூசியின் நெடி, நனைந்த குடைகளின் நெடி, பழைய துணியின் மக்கல் வாடை எல்லாம் பழகியவைதான். அவற்றுக்கு அடியில் மெல்ல இன்னொரு வாடை கிளம்பியது. இடுப்பு வலிக்குத் தடவும் தைலம். வீட்டில் அக்காவின் பாய் இன்னும் அப்படித்தான் மணக்கும்.

பின்னால் சுவரும் கறுப்புத் துணியும்தான். அது அவளுக்குத் தெரியும். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது அவர்களுடைய கண்கள் அவள்மேல் மட்டும் நிற்கவில்லை. அவளைப் பார்த்தன. பிறகு அவள் தலைக்குச் சற்று மேலே பார்த்தன. பிறகு தாளுக்குப் போயின. ஒவ்வொருவரும் அதையே செய்தார்கள்.

இடைவேளையில் ஓடிப்போய்ப் பார்த்தாள். இடது பக்கத்துத் தாள்களில் தோளும் கையும். வலது பக்கத்துத் தாள்களில் நாற்காலி முதுகை ஒட்டி ஒரு இடுப்பு, நீளமாகத் தொங்கும் இன்னொரு கை. நேர் எதிரே இருந்த கண்ணாடிக்காரரின் தாளில் அவளுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். முகம் மட்டும் வெறுமையாக விட்டிருந்தது.

"முகத்தை அடுத்த போஸ்ல பிடிச்சுடலாம்," என்றார் கண்ணாடிக்காரர், தாளிலிருந்து தூசியை ஊதிக்கொண்டே. "நின்னவங்க டீ குடிக்கப் போயிட்டாங்களா?"

"யாரும் நிக்கல சார்! எனக்குப் பின்னாடி யாருமே நிக்கல!"

அவளுடைய குரல் கீச்சிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். மாஸ்டர் வந்து தாளைப் பார்த்தார். ஒரு கணம் அவருடைய முகம் சுருங்கியது. பிறகு பலகையை விட்டு நகர்ந்தார். "ரெண்டு உருவம் சேர்ந்தா நல்லாத்தான் இருக்கு. கற்பனைன்னு வச்சுக்குவோம். உட்காருங்கம்மா."

"இன்னிக்கு வேணாம் சார். முடியல."

"வகுப்பு பாதியில நிக்குது. இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க, நாளையிலிருந்து வேற ஆள் பாத்துக்கறேன். உங்க அக்கா ஒரு நாள் முடியலன்னு சொல்லியிருப்பாங்களா?"

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. சொல்லியிருக்கமாட்டாள். சொல்லத் தெரியாமல்தான் செத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கரி உரசத் தொடங்கியது.

முதலில் இடது தோள் கனத்தது. மரத்துப் போயிருக்கும் என்று நினைத்தாள். பிறகு வலது தோள். தைல வாடை முன்பைவிட அருகில் இருந்தது, கழுத்தருகில். எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தது காலுக்குப் போகவில்லை. விரலை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. "சார்," என்றாள். உதடு பிரியவில்லை.

"பாருங்க எல்லாரும்," மாஸ்டரின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. "கண் இமைகூட ஆடல. அக்காவையே மிஞ்சிட்டாங்க."

உரசல் வேகமெடுத்தது. கண் எரிந்தது. மூட முடியவில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. யாரோ அதையும் வரைந்தார்கள்.

"இடைவேளை."

நாற்காலிகள் பின்னுக்கு நகர்ந்தன. குடைகள், சிரிப்பு, மழைச் சத்தம். பெரிய விளக்கு அணைந்தது. அவள் எழவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

நெட்டைப் பெண் மட்டும் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இந்தத் தடவை சரியா வந்திருக்கு ஆன்ட்டி. பாருங்க." பலகையை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

தாளில், நின்றிருந்தவள் குனிந்திருந்தாள். இரண்டு கைகளும் உட்கார்ந்திருந்தவளின் தோள்களை அழுத்திப் பிடித்திருந்தன. கன்னத்தோடு கன்னம் ஒட்டியிருந்தது. முகம் அக்காவின் முகம். கண் திறந்திருந்தது. வாய் தங்கையின் காதோடு சேர்ந்து, பெரிதாகத் திறந்திருந்தது.

"உங்க சொந்தக்காரங்களா? உங்க ஜாடை அப்படியே இருக்கு," என்றாள் நெட்டைப் பெண். உட்கார்ந்திருந்தவளுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துச் சிரித்து, தலையாட்டி, டீ குடிக்கப் போனாள்.

கதவு சாத்திக்கொண்டது.

இடது காதில் இரண்டு உதடுகள் பட்டன. சில்லென்று. விரிந்தன.

மூச்சே இல்லாமல் அந்த வாய் பேசத் தொடங்கியது.