இரண்டு விரல் தள்ளி...!

"அல்லாஹ்வே...!"

ரஹ்மத்தும்மாவின் அலறலில் ஏழாங்கட்டை பஜாரே அதிர்ந்தது.

இலங்கை மலைநாட்டில், பசறை ரோட்டின் ஏழாம் மைல்கல்லில் உள்ள பஜார் அது. ஆண்டு 1913. வெள்ளிக்கிழமை, பகல் ஒன்று இருபது. ஜும்ஆ முடிந்து ஆண்கள் பள்ளிவாசலை விட்டு அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பில்லியர்ட் ஆடுகிற சாலையின் பின்புறம் குப்பை கொட்டப் போன ரஹ்மத்தும்மா, கல்படிகளின் அடியில் அதைப் பார்த்துவிட்டாள்.

ஓர் உடல்!

கறுப்புக் கோட்டு. நொறுங்கிப்போன மூக்குக் கண்ணாடி. பிளந்த பின்மண்டை...

பெட்டிசன் நல்லையா!

துரைமார் மேலும் கங்காணிமார் மேலும் பெட்டிசன் எழுதியே பாதி ஊவா மாகாணத்தைப் பகைத்துக்கொண்ட மனிதர். ஜும்ஆவுக்காகப் பில்லியர்ட் சாலை மூடியிருக்கும் இரண்டு மணி நேரமும் அவர் அதற்குள்தான் இருப்பார். எழுதுவதற்கு அவ்வளவு அமைதியான இடம் பஜாரில் வேறு கிடையாது.

"படி வழுக்கி விழுந்துட்டாரு பாவம்!" என்றார்கள்.

சாலையின் சொந்தக்காரர் பலீல் முதலாளி கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"மனுசன் மவுத்தாகிக் கெடக்கிறாரு. இன்னைக்கி வெளையாட்டு வேணாம்."

கதவைப் பூட்டினார். சாவியை இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டார்.

நான்கு மணிவரை எல்லாம் சுமுகமாகத்தான் போனது. நான்கு மணிக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்பென்சர் வந்து உடலைப் புரட்டிப் பார்த்தார்.

"படியில விழுந்தா காயம் இப்படி இருக்காது. இது இரும்பு! கனமான இரும்பு. மூலை சதுரமா பதிஞ்சிருக்கு பாருங்க!"

ஏழாங்கட்டையில் அப்படியோர் இரும்பு ஒன்றே ஒன்றுதான்.

பில்லியர்ட் மேசையின் பச்சைத் துணியைத் தேய்க்கிற இஸ்திரி!

அது இருப்பது மார்க்கர் வீரய்யாவிடம்.

* * *

வீரய்யா, மேசையோடு வந்தவன்.

பதுளைத் துரைமார் புது மேசை வாங்கியபோது, பலீல் முதலாளி பழையதை எடுத்தார். சிலேட்டுக் கற்களை ஐந்து மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்தார். ஆறாவது வண்டியில் வீரய்யா. புள்ளி சொல்வது, கோல் நுனிக்குச் சோக்குத் தடவுவது, யானைத் தந்தப் பந்துகளைத் துடைப்பது எல்லாம் அவன் வேலை. எல்லாவற்றையும்விட முக்கியம், தினமும் ஆட்டத்துக்கு முன்னால் துணியை இஸ்திரி போடுவது. மலைப் பனியில் துணி நமுத்துப்போகும். தேய்க்காவிட்டால் பந்து நகராது.

சனிக்கிழமை காலை. அதே மேசைக்குப் பக்கத்தில், கையில் விலங்கோடு நின்றான் வீரய்யா.

எதிரே சார்ஜன் நிஸாம். முறுக்கிய மீசை. பளபளக்கும் பொத்தான்கள். காக்கி உடுப்பு பாதி, கர்வம் பாதி. ஏழாங்கட்டையின் பில்லியர்ட் சாம்பியனும் அவர்தான்.

ஓரத்து நாற்காலியில் இன்ஸ்பெக்டர் துரை, பற்றவைக்காத சுருட்டைக் கடித்துக்கொண்டு அரைக்கண் மூடியிருந்தார். வழக்கமாக ஆடுகிறவர்கள் சுவரோரம் நிறுத்தப்பட்டிருந்தார்கள். பலீல் முதலாளி, துணிக்கடை ஷுக்ரி, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இராமையா.

"இஸ்திரி யாரு கையில இருக்கும்?"

"என் கையிலதாங்க சார்ஜன் ஐயா."

"நேத்து ஜும்ஆ நேரத்துல அது எங்க இருந்திச்சு?"

"பின்னால அடுப்புல காஞ்சிக்கிட்டு இருந்துச்சுங்க. ஒன்றரைக்கு வந்து தேய்ப்பேன். ரெண்டு மணிக்கு ஆட்டம்."

"நீ எங்க இருந்த?"

"ஆத்துல குளிச்சிக்கிட்டு இருந்தேங்க."

"யாரு பார்த்தா?"

வீரய்யா கையிலிருந்த விலங்கைப் பார்த்தான்.

"மீனு பார்த்திச்சா?"

கதவருகே நின்ற கான்ஸ்டபிள் சிரித்தான். சிரிப்பது அவன் வேலை.

"தொரை! இதுக்கு மேல என்ன விசாரணை? நல்லையாவுக்கும் இவனுக்கும் வாய்த்தகராறு. சுடச்சுட இஸ்திரியத் தூக்கி ஒரே போடு! பொணத்தப் படியில உருட்டிட்டான். தூக்குக் கயிறு கேஸ்!"

தூக்குக் கயிறு...

விழாமலிருக்க, வீரய்யா விலங்கு மாட்டிய கைகளை மேசை மேல் ஊன்றினான்.

ஊன்றிய கை... நின்றது!

மெல்ல நகர்த்தினான். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். பூனையின் முதுகை வாலிலிருந்து தலைக்குத் தடவினால் எப்படிச் சொரசொரக்கும்? அப்படிச் சொரசொரத்தது துணி.

சட்டென்று நிமிர்ந்தான்.

"தொரை! தூக்குல போட முன்ன ஒரே ஒரு வார்த்த. உங்க காதுல மட்டும் சொல்லணும்."

"என்னடா நடிப்பு?" என்று கையை ஓங்கினார் சார்ஜன்.

"இரு, சார்ஜன்." இன்ஸ்பெக்டர் துரையின் மற்றப் பாதிக் கண்ணும் திறந்தது. "கிட்ட வா. சொல்லு."

வீரய்யா குனிந்து முணுமுணுத்தான். அரை நிமிடம்தான். துரை மேசையைப் பார்த்தார். வீரய்யாவைப் பார்த்தார். வாயிலிருந்த சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சார்ஜன்! நீ பெரிய ஆட்டக்காரன் எண்டு பதுளை வரைக்கும் பேச்சு. ஒரு பந்து அடிச்சுக் காட்டு பார்ப்பம்."

"இப்பவா தொரை?"

"இப்பத்தான். உனக்குப் பின்னால எல்லாரும் அடிக்கணும். நானும் அடிப்பன்."

"கொல கேஸ்ல வெளையாட்டா தொரை?" என்று பலீல் முதலாளி வாய்க்குள் முனகினார்.

வீரய்யா வெள்ளைப் பந்தை மேசையின் மேல்தலையில் வைத்தான். "இங்க இருந்து இடது பக்க நடுக்குழிக்கு. மெதுவா உருட்டணும். ஓரத்துல தட்டி விழுந்தா சேத்தி இல்ல."

சார்ஜன் கோலை எடுத்தார். சோக்குத் தடவினார். குனிந்தார். பத்து வருடமாக நடுக்குழியைத் தவறவிடாத கை!

டக்!

பந்து சோம்பேறியாக உருண்டது... உருண்டது... நேராகப் போய்க் குழியில் விழுந்தது.

"சபாஷ்!" என்றான் கான்ஸ்டபிள்.

சார்ஜன் மீசையை நீவினார்.

அடுத்து ஷுக்ரி. பந்து குழிக்கு வலப்பக்கம், இரண்டு விரல் தள்ளி முட்டி நின்றது.

"ச்சே! நான் நல்லாத்தானே குறி வச்சேன்?"

கணக்கப்பிள்ளை இராமையா அடித்தார். வலப்பக்கம். இரண்டு விரல்!

பலீல் முதலாளி. வலப்பக்கம். இரண்டு விரல்!

"இதென்ன, பந்துக்குப் பேய் புடிச்சிட்டா?"

சார்ஜனின் கை மீசையை விட்டு இறங்கியது.

கடைசியாக இன்ஸ்பெக்டர் துரை. இந்த மேசையில் மாதம் ஒருமுறை ஆடுகிற கை. காதில் விழுந்ததை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, பழகினபடியே குறி வைத்தார். பந்து அதே இடத்தில் முட்டி நின்றது.

சார்ஜனின் நெற்றியில் வியர்வை முத்துக்கள்!

"மார்க்கர்! என்ட காதுல சொன்னதை இப்ப உரக்கச் சொல்லு."

வீரய்யா தொண்டையைச் செருமினான்.

"இந்தத் துணிக்கு ரோமம் உண்டுங்க. கீழ்த்தலையில இருந்து மேல்தலைக்குத்தான் தேய்க்கணும். அப்படித் தேச்ச மேசையில, மேல்தலையில இருந்து மெதுவா உருட்டினா ரோமம் எதுத்துத் தள்ளும். பந்து ரெண்டு விரல் இடது பக்கம் ஒதுங்கும். அதுனால இங்க ஆடுறவங்க எல்லாருமே ரெண்டு விரல் வலப்பக்கமாக் குறி வைப்பாங்க. கையில ஊறிப்போன பழக்கம்."

"அப்ப இன்னைக்கி ஏன் ஒதுங்கல்ல?" என்றார் ஷுக்ரி.

"நேத்து யாரோ தலகீழாத் தேச்சிருக்காங்க! நல்லையா ஐயா ரத்தம் துணியில கொட்டியிருக்கு. ஈரத்துணியால தொடச்சு, காயிறதுக்கு இஸ்திரி போட்டிருக்காங்க. அவசரத்துல மேல்தலையில இருந்து ஆரம்பிச்சிட்டாங்க. அப்புறம்தான் தப்பு புரிஞ்சிருக்கும். பள்ளிவாசல்ல தொழுக முடியிற நேரம். ஓடிட்டாங்க. ஒன்றரைக்கு நான் வந்து சரியாத் தேச்சிருவேன், தப்பு மறைஞ்சிரும்னு நெனச்சிருப்பாங்க. மொதலாளி கதவப் பூட்டுவாருன்னு அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

வீரய்யா துணியை உள்ளங்கையால் தடவிக் காட்டினான்.

"இந்த வெளிச்சத்துல பார்த்தாத் தெரியாது. இப்படித் தடவினாத்தான் தெரியும். நான் தொரை காதுல சொல்ல முன்ன இத தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. இப்ப தடவின நான். நேத்து தேச்ச ஆளு."

வீரய்யா திரும்பினான்.

"சார்ஜன் ஐயா... நீங்க மட்டும் ஏங்க நேராக் குறி வச்சீங்க?"

"அ... அதிர்ஷ்டம் தொரை! தற்செயலா விழுந்த பந்து!"

வேண்டுமென்றே தவறவிட்டிருக்கலாம். ஒரே ஒரு பந்து! ஆனால் சாம்பியன் அல்லவா? பஜாரே பார்த்துக்கொண்டிருக்கும்போது தவறவிட அந்தக் கைக்கு மனம் வரவில்லை.

பலீல் முதலாளி ஓரடி முன்னால் வந்தார்.

"சார்ஜன் நாநா... நானும் ஷுக்ரியும் நேத்து பள்ளியில மொத வரிசையில இருந்து கடேசி வரிசை வரைக்கும் ஸலாம் குடுத்துட்டுத்தான் வெளிய வந்தோம். ஒங்களக் காணல்லையே?"

சார்ஜனின் கை தன்னையறியாமல் சட்டைப்பையைப் பொத்தியது.

"பையில என்ன?" துரை கையை நீட்டினார். "குடு இங்க!"

மடித்த காகிதங்கள். மூன்று தாள். ஓரத்தில் காய்ந்த பழுப்புக் கறை. கடைசியில் பெயர் எழுதாத நான்கு சாட்சிகளின் கைநாட்டு! எரித்திருந்தால் தப்பித்திருப்பார். அந்த நான்கு பேர் யாரென்று கண்டுபிடிக்கும் ஆசையில் வைத்திருந்தார்.

நல்லையாவின் கடைசி பெட்டிசன்!

அதை வீரய்யா படித்ததில்லை; ஆனால் எதைப் பற்றியது என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். இத்தனை நேரமும் சொல்லவில்லை. பொலிசைப் பற்றிய புகாரைப் பொலிசிடமே எப்படிச் சொல்வான்? இப்போது சொன்னான்.

"எங்க அக்கா இராக்கம்மாவுக்காக எழுதினதுங்க தொரை. அத்தான் தோட்டத்த விட்டு ஓடி வந்தது குத்தம்னு புடிச்சாங்க. பொலிஸ் கூட்டுல அடைச்சு வச்சு சார்ஜன் ஐயா அடிச்ச அடியில ரெண்டாம் நாளே செத்துப்போனாரு. காய்ச்சல்னு எழுதிட்டாங்க. எங்களுக்கு வேற யாருங்க இருக்கா? நீங்கதான் தொரை நாயம் சொல்லணும்."

இன்ஸ்பெக்டர் துரை படித்தார். முதல் தாள். தலையை ஆட்டினார். இரண்டாம் தாள். சார்ஜனை முறைத்தார். "மிருகம்!" என்றார்.

வீரய்யாவின் நெஞ்சு நிமிர்ந்தது. அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஒரு துரையாவது மனிதராக இருக்கிறாரே!

மூன்றாம் தாள்.

துரை அதை மிக மெதுவாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

'அடிகாயங்களைக் கண்ணால் கண்ட பிறகும், காய்ச்சல் என்ற பொய் அறிக்கையில் கையொப்பமிட்டவர் இன்ஸ்பெக்டர் துரை அவர்களே...'

துரை தாள்களை ஒழுங்காக மடித்தார்.

"கான்ஸ்டபிள்! நெருப்புப் பெட்டி."

குச்சி உரசியது. மூலையில் பற்றிய தீ நான்கு கைநாட்டையும் தின்றது. எரிகிற அந்தக் காகிதத்திலேயே சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார் துரை.

"அந்த டிஸ்பென்சருக்கு வயசு போயிட்டுது. கண் விளங்கிறேல்ல. நல்லையா படியிலதான் விழுந்தவர். வழுக்கி விழுந்தவர். என்ன முதலாளி?"

பலீல் முதலாளி தரையைப் பார்த்தார். ஷுக்ரி சுவரைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை இராமையா தன் செருப்பைப் பார்த்தார். நேற்றுவரை நல்லையாவோடு ஆடிய மூன்று பேர்! ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. எழுதிக் கொடுக்க நல்லையாவும் இல்லை.

வீரய்யாவின் விலங்கு கழன்றது.

"தொரை... எங்க அக்காகிட்ட நான் என்னங்க சொல்றது?"

"காய்ச்சல் எண்டு சொல்லு. இல்லாட்டி விலங்கைத் திருப்பி மாட்டட்டுமா? இஸ்திரி உன்டதுதானே?"

வீரய்யா விலங்கு கழன்ற மணிக்கட்டைத் தடவினான்.

"போகலாம் நீ. ஆனா, போக முன்ன..." துரை சுருட்டால் மேசையைக் காட்டினார். "துணியைத் தேச்சிட்டுப் போ. சரியான பக்கமா."

கொலைக்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அந்தத் துணி. அதையும் அழிக்கச் சொல்லி, தேய்க்கத் தெரிந்த ஒரே ஆளைக் கூப்பிட்டார்கள்!

இஸ்திரி சூடாகி வந்தது. கீழ்த்தலையிலிருந்து மேல்தலைக்கு ஒவ்வொரு இழுப்பாக இழுத்தான் வீரய்யா. ரோமம் ஒவ்வொரு வரிசையாகப் படிந்தது. தலை தப்பியதே என்று சந்தோஷப்பட முடியவில்லை. அழுதான். மேசையில் கண்ணீர் விழுந்த இடத்தில் இன்னொரு தடவை தேய்த்தான்.

சார்ஜன் நிஸாமைச் சும்மா விட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அரசாங்கம் நீதி தவறாது! திங்கட்கிழமையே அவரை மொனராகலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அங்கே பில்லியர்ட் மேசை கிடையாதாம்... பாவம், எப்பேர்ப்பட்ட தண்டனை!