ஒன்பது வெள்ளைப் புள்ளிகள்

சிஞ்ஞோரா நுன்சியாவிடம் இருந்த உடுப்பெல்லாம் கறுப்பு. கணவர் இறந்து ஆறு வருடமாகியும் வேறு நிறம் உடுத்தவில்லை. அந்தக் கறுப்புகள் இரண்டாம் மாடிக் கொடியில் காயும்போது, நான்கு நாளாக அவற்றின்மேல் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. ஒவ்வொரு நாளும் சரியாக ஒன்பது.

“புறா எண்ணி எண்ணிப் போடாது. இது பால்!” என்று மேலே பார்த்துக் கத்தினார் சிஞ்ஞோரா. இத்தாலிய மொழியில்தான். ஆனால் பலெர்மோ நகர் முழுவதற்கும் கேட்டிருக்கும். “பல்கனியிலை நிண்டு பால் குடிக்கிறது நீதானே? கொம்மாவிட்டைச் சொல்லி அந்தக் கதவைப் பூட்டுவிக்கிறன்!”

மூன்றாம் மாடியில் பால் குவளையோடு நின்ற அகஸ்ரீனாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்கு ஒன்பது வயது. அம்மா விடியமுன்னே வீட்டு வேலைக்குப் போய்விடுவார். அப்பா மொண்டெல்லோ உணவகத்தில் இரவு வேலை முடித்து வந்து தூங்குவார். பள்ளிக்கூடம் போகும்வரை அவளுக்குத் துணை அந்தப் பல்கனிதான். தெருவில் போகிறவர்களை எண்ணிக்கொண்டு நிற்பாள். அவளை எண்ண யாருமில்லை.

உள்ளே ஓடினாள். “அப்பா, நான் பால் ஊத்தேல்லை.”

“ஓம்... ஓம் பிள்ளை... நல்லா ஊத்து,” என்று அப்பா மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

சரி, இனித் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த நாள் விடியும்போதே பல்கனிக்கு வந்து அண்ணாந்து நின்றாள். சொட்! மூக்கில் ஒரு துளி. தொட்டு நக்கிப் பார்த்தாள். பால்தான். ஆனால் உப்பு!

நாலாம் மாடிக் கதவைத் தட்டினாள். திறந்தது செச்செக். போன வாரம்தான் குடிவந்து, அகஸ்ரீனாவின் வகுப்பில் சேர்ந்தவள். இதுவரை வகுப்பில் ஒரு சொல்கூடப் பேசாதவள். அவள் கையில் நீண்ட மரக்கரண்டி. அதில் ஒன்பது சின்னக் குழிகள்.

“அம்மா வேலைக்குப் போயிட்டா,” என்றாள் செச்செக், மெல்ல.

“என்ர அம்மாவும்தான். இதென்ன?”

செச்செக் தெரிந்த இத்தாலியச் சொற்களைக் கோத்துக் கோத்துச் சொன்னாள். அவர்கள் மொங்கோலியாவுக்குப் பக்கத்தில் உள்ள துவாவிலிருந்து வந்தவர்கள். அங்கே காலையில் போடும் உப்புப் பால்தேநீரின் முதல் பங்கை இந்தக் கரண்டியால் வானத்துக்கு வீசுவார்கள்.

“முந்தி அரசாங்க ஆக்கள் எங்கட புத்த கோயில்களை இடிச்சுப்போட்டாங்கள். பிக்குமாரைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். எங்கட வீட்டிலை இந்தக் கரண்டியை மட்டும் விட்டிட்டாங்கள்.”

“ஏன்?”

“சும்மா கரண்டி எண்டு நினைச்சிட்டாங்கள்.”

“நீ வானத்துக்கு எறியிறது சிஞ்ஞோராவின்ர சட்டையிலை விழுகுது.”

செச்செக்கின் முகம் வெளுத்தது. “ஊரிலை கீழை புல்லுத்தான் இருக்கும். நான் யோசிக்கேல்லை. நாளைக்கு ஷகா, எங்கட புதுவருசம். முதல் வெயிலுக்கு எறியவேணும். இனி எப்பிடி...”

அகஸ்ரீனா படியில் உட்கார்ந்து யோசித்தாள். செச்செக்கைக் காட்டிக்கொடுத்தால் பல்கனி தப்பும். இவளுடைய புதுவருடம் போய்விடும். கொடியே இல்லாத இடம் ஒன்று வேண்டும். மொட்டைமாடி! அதன் சாவி இருப்பதோ சிஞ்ஞோராவிடம். இறங்கிப்போய் அதைக் கேட்டாள்.

“திறப்பு எதுக்கு?” என்றார் சிஞ்ஞோரா.

“பால் எறிய.”

சிஞ்ஞோராவுக்குக் கோபப்படவே மறந்துவிட்டது. “இப்பிடி முகத்துக்கு நேரை கேக்கிறவளை நான் கண்டதில்லை. நானும் வாறன்.”

மறுநாள் விடியலில் மூவரும் மேலே நின்றார்கள். பெப்ரவரிக் குளிர். கடற்பக்கமாகச் சூரியன் எட்டிப்பார்த்ததும், செச்செக் கரண்டியைத் தேநீரில் தோய்த்து வானத்தை நோக்கி வீசினாள். துளிகள் வெயிலில் மின்னிவிட்டு, வெறும் சீமெந்துத் தரையில் விழுந்தன.

சிஞ்ஞோரா குனிந்து எண்ணினார். “...எட்டு, ஒன்பது.” நிமிர்ந்தார். “அப்ப நீயா?”

செச்செக் தலையாட்டினாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கைகள் மேலே தெரிய இரண்டு கைகளையும் சிஞ்ஞோராவிடம் நீட்டினாள்.

சிஞ்ஞோரா அந்த வெறுங்கைகளைப் பார்த்தார். பிறகு மொட்டைமாடிச் சாவியை எடுத்து அவற்றில் வைத்தார். “நாளைக்கும் வேணுமெல்லே? பிடி.”

“திறப்புக் கேக்கேல்லை,” என்றாள் செச்செக். “புதுவருச வணக்கம். சின்னாக்கள் கையை நீட்ட, பெரியாக்கள் தங்கட கையை மேலை வைக்கவேணும். அம்மா இரவுதான் வருவா. வேறை ஆருமில்லை.”

சிஞ்ஞோரா தன் சுருங்கிய கைகளை அவள் கைகள்மேல் வைத்தார். சாவி நடுவில் அகப்பட்டுக்கொண்டது. அவர் கைகளை எடுக்க வெகுநேரம் ஆனது.

“முடிஞ்சுதா?” என்றார்.

“இல்லை,” செச்செக் அகஸ்ரீனாவின் பக்கம் திரும்பினாள். “எனக்குப் பத்து வயசு. நீ என்னைவிடச் சின்னன்தானே?”

அகஸ்ரீனா இரண்டு கைகளையும் நீட்டினாள்.