ஆள் இருந்தால் எரியும் படம்

மழைக்கு முன் துணி எடுக்கக் கொல்லைப்புறம் போன திரேசியா கை நிறையத் துணியோடு திரும்பி வந்தபோது, ஹால் டிவியில் படம் எரிந்துகொண்டிருந்தது.

எரிவது குற்றமில்லை. ஆள் இருந்தால் எரிய வேண்டும், ஆள் இல்லாவிட்டால் ஐந்தே நிமிடத்தில் தானாக அணைய வேண்டும். அதற்காகத்தான் அந்த டிவியின் கீழ் விளிம்பில் கடுகளவு ஒரு கண்ணை வைத்திருந்தார்கள். ஆனால் அவள் கொல்லையில் இருந்தது அரை மணி நேரம். வேலைக்காரி தங்கமணி மதியமே போய்விட்டாள். ஐந்து படுக்கையறைகள் கொண்ட அந்த வீட்டில் அப்போது இருந்த உயிர்கள் என்று பார்த்தால் அவளும், மீன் தொட்டியில் இரண்டு மீன்களும்தான். மீன்தொட்டி மாடியில் இருந்தது.

அவள் துணியை இறக்கிவைக்காமல் நின்றாள். ரப்பர் ஷீட் காயும் புகைக்கூடத்தின் புளித்த வாசனை ஜன்னல் வழியே வந்தது. அதற்கு அடியில், மெலிதாக, தைல வாசனை.

துணியில் ஒட்டியிருக்கும், என்று சொல்லிக்கொண்டாள். யார் துணியில் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த டிவியை அப்படி மாட்டியது ரெனி. கொச்சியிலிருந்து வந்தவன். வீட்டை அலங்கரிப்பவன் என்று தன்னைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். "நான் சுவர்களோட பேசுறவன், ஆன்ட்டி" என்றான் முதல் நாளே. சுவர்கள் அவனிடம் என்ன சொன்னனவோ, பழைய டிவியைப் பார்த்ததும் இழவு வீட்டுக்கு வந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டான்.

"இவ்வளவு அழகான ஹால்ல ஒரு கறுப்பு ஓட்டை. உங்களுக்கு இது தொந்தரவாவே இல்லையா?"

கேரளத்துப் பாலா ஊரில் இருபத்தெட்டு வருடமாகக் குடித்தனம் செய்யும் திரேசியாவுக்கு அதுவரை தொந்தரவாக இல்லை. அவன் சொன்ன பிறகு தூக்கம் போய்விட்டது.

பதினோரு சட்டகங்கள். கல்யாணப் போட்டோ, மகன் கோயிலில் முதல் நன்மை வாங்கிய போட்டோ, அவனே கனடாவில் பனியில் நிற்கும் போட்டோ, நடுவில் பெரிதாகத் தேக்குச் சட்டம் போட்ட டிவி. டிவி பார்க்காத நேரமெல்லாம் அது ஓவியமாகிவிடும். ரெனி தேர்ந்தெடுத்தது ஒரு கோதுமை வயல். ஜன்னலுக்கு வெளியே பன்னிரண்டு ஏக்கர் ரப்பர் நிற்க, சுவரில் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் அறுவடை. வயர்கள் சுவருக்குள் போயின. பிளக் சுவருக்குள் போயிற்று. ரிமோட், பார்த்தால் இழுப்பறை என்றே தெரியாத ஓர் இழுப்பறைக்குள் போயிற்று. நூறு வருடமாகக் குடும்பத்தைக் காத்துவந்த திருஇருதய ஆண்டவரின் படத்தை, அதன் சிவப்பு பல்பு சுவரோடு ஒத்துப்போகவில்லை என்று மாடிப்படிக்கு அடியில் மாட்டினான். ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை.

"டிவி வீட்டுல இருக்கணும், ஆன்ட்டி. ஆனா இருக்கிறது தெரியக்கூடாது. அதுதான் ரசனை."

திரேசியாவுக்கு இந்தத் தத்துவம் உடனே பிடித்துப்போனது. மாமியார் விஷயத்தில் அவள் ஆறு வருடம் கடைப்பிடித்ததும் இதையேதான்.

அவள் புருஷன் ஔசேப்பச்சனின் அம்மாவை ஊரே அம்மச்சி என்றுதான் கூப்பிடும். படுத்த படுக்கையான பிறகு அம்மச்சிக்கு ஹாலை ஒட்டிய, எப்போதும் தைலம் மணக்கும் சின்ன அறை. கதவுக்குச் சுவரின் நிறத்திலேயே ஒரு திரை. விருந்தாளிகள் அதைச் சுவர் என்றே நினைத்துப் போய்விடுவார்கள், உள்ளேயிருந்து "திரேசியே" என்று சத்தம் வரும்வரை. தண்ணீர், ஃபேன், கொசு, ஜெபமாலை எங்கே, யாரது வந்தது, ஏன் போனார்கள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. புருஷன் குவைத்தில். நாற்பதும் இவளுக்குத்தான்.

போன ஜூன் மாதம், ஒரு சாயங்காலம் ஏழரை மணிக்கு, அம்மச்சி நாற்பத்தொன்றாவது தடவையும் கூப்பிட்டாள். சீரியலில் ஒரு மருமகள் மாமியாரின் காலைப் பிடித்து அழுதுகொண்டிருந்தாள். நிஜ மருமகள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து. குரல் இன்னும் கேட்டது. முப்பது. நாற்பதில் கேட்கவில்லை.

சீரியல் முடிந்து போய்ப் பார்த்தபோது அம்மச்சியின் வலது கை கட்டிலுக்கு வெளியே, கதவை நோக்கி, விரல்கள் விரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. தம்ளர் தரையில். திரேசியா அந்தக் கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தாள், அது ஒருமுறை சரிந்தது, மறுபடி வைத்து ஜெபமாலையால் சுற்றினாள். தலை சீவினாள். தம்ளரைக் கழுவினாள். அதன் பிறகுதான் போன் செய்தாள்.

"தூக்கத்துலயே போயிட்டாங்க. ஒரு சத்தமில்ல."

இந்த ஒரு வரியை ஒரு வருடமாகச் சொல்லிவருகிறாள். வரும் சனிக்கிழமை அம்மச்சியின் ஆண்டு நினைவு. பாதிரியார், நாற்பது சொந்தக்காரர்கள், அரிசிமாவுப் பிடியும் கோழிக்கறியும். ஔசேப்பச்சனும் அன்று இருப்பான். அம்மா கடைசியில் தன்னைக் கேட்டாளா என்று அவன் போனில் பலமுறை கேட்டிருக்கிறான். அடக்கத்துக்கு அவனால் வர முடியாததால், முகத்தைப் பார்த்து இன்னும் கேட்கவில்லை. அந்த வரியை அவன் கண்ணைப் பார்த்து ஒருமுறை சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

துணியைச் சோஃபாவில் போட்டுவிட்டு ரெனிக்குப் போன் போட்டாள்.

"ஆள் இல்லாமலே எரியுது."

"பல்லி, ஆன்ட்டி."

"பல்லிக்கெல்லாமா எரியும்?"

"அசையுற எதுக்கும் எரியும். நீங்களே அசையாம உக்காந்து பாருங்க, நீங்க இல்லைன்னு நினைச்சு அணைஞ்சிரும். அதுக்கு நீங்க யாருங்கிறதெல்லாம் தெரியாது. அசையுறீங்களா இல்லையா, அவ்வளவுதான்."

மறுநாள் பிற்பகல் நாத்தனார் ஏலிக்குட்டி வந்தாள். அம்மச்சியின் மூத்த மகள். வந்தவள் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்.

"எங்கடீ டிவி? வித்துட்டியா?"

"கண்டுபிடிங்க சேச்சி." இதைக் கேட்பதற்காகத்தானே இவ்வளவும்.

ஏலிக்குட்டி சுவரை நிதானமாகப் பார்த்தாள். "இது என்ன வயலு?"

"அதுதான் சேச்சி. கலை."

"எந்தக் கோயில் பங்குல இருக்கு? நம்ம பக்கம் இல்லையே." சோஃபாவில் உட்கார்ந்து, மெத்தையை அமுக்கிப் பார்த்து, "இதுவும் கலைதானா, இல்ல உக்காரலாமா?" என்றாள்.

அப்போது கோதுமை வயல் மெதுவாக மங்கியது. அதற்குள்ளிருந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து எழுவது போல, இன்னொரு படம் தெளிந்து வந்தது. வெள்ளை உடுப்பில் ஒரு கூட்டம். நடுவில் சவப்பெட்டி.

கல்யாணத்துக்குக் குரூப் போட்டோ எடுப்பது போல அடக்கத்துக்கும் ஒன்று எடுக்காத குடும்பம் பாலாவில் கிடையாது. அம்மச்சியின் முகம் போட்டோவில் விழ வேண்டும் என்று ஸ்டுடியோக்காரர் பெட்டியின் தலைமாட்டில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். எல்லாரையும் கேமராவைப் பார்க்கச் சொன்னார். தலைமாட்டில் திரேசியா, அளவான துக்கத்தோடு. பெட்டிக்குள் பூக்கிரீடமும், வெள்ளைக் கையுறை போட்டு நெஞ்சில் சேர்த்துக் கட்டிய கைகளுமாக அம்மச்சி. ஐம்பத்தைந்து அங்குலத்தில்.

ஏலிக்குட்டி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நல்லாருக்கு. உசிரோட இருந்தப்போ ஹாலுக்கு விடல. இப்போ நடுச்சுவத்துல."

"அந்தப் பையன் ஏதோ தப்பு பண்ணிட்டான் சேச்சி."

"பால்காரன் பேபியும் ஒண்ணு சொன்னான். அம்மச்சி போன அன்னிக்கு உங்க டிவி சத்தம் தெருமுனைச் சிலுவைக் குரிசடி வரைக்கும் கேட்டுச்சாம்."

"அம்மச்சிக்குக் காது மந்தம் இல்லையா. அதுக்காக வச்சது."

"அம்மச்சிக்கா? நீ அடுப்படியில சீனி டப்பாவைத் திறந்தா ரூம்ல இருந்து எத்தனை ஸ்பூன்னு சொல்லும் அது." ஏலிக்குட்டி படத்தைப் பார்த்தபடியே கேட்டாள். "கூப்பிட்டுச்சாடீ?"

"இல்ல சேச்சி. தூக்கத்துலயே போயிட்டாங்க. ஒரு சத்தமில்ல."

"சரி. சனிக்கிழமை ஔசேப்பு கிட்ட அதையே சொல்லு. நானும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிறேன்."

அவள் போனதும் ரெனிக்கு மறுபடி போன். அவன் குரலில் கலைஞனின் வேதனை. "நீங்க குடுத்த பென் டிரைவ்ல இருந்ததை அப்படியே ஏத்தினேன், ஆன்ட்டி. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாத்தையும் ஸ்டுடியோக்காரர் ஒரே ஆல்பமா வச்சிருக்காரு. நான் இங்கிருந்தே அழிச்சிடுறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "முடிஞ்சது. இனி கோதுமை மட்டும்தான்."

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மழை விடவில்லை. தங்கமணி மசாலா தடவிய கோழியை மூடிவைத்துவிட்டு, ஆற்றுப் பாலம் முங்குவதற்குள் போக வேண்டும் என்று நான்கு மணிக்கே கிளம்பிவிட்டாள். ஔசேப்பச்சன் விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டான்.

"எடீ, இறங்கிட்டேன். வீடு வர ஒன்பதாகும். கஞ்சி போதும்."

"சரி இச்சாயா."

"அம்மச்சி ரூமைப் பூட்டிடாத. வந்ததும் அங்க கொஞ்ச நேரம் உக்காரணும்."

அவள் வறுத்த தேங்காயும் சீரகமும் மணக்கும் அடுப்படியில் நின்று பிடிக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். கோயில் மணி ஆறரை அடித்தது, ஏழும் ஆனது, கூரையில் விழும் மழையின் ஒரே சீரான இரைச்சலில் வீட்டின் மற்ற சத்தங்கள் எல்லாம் மூழ்கிக் கிடந்தன. நிமிர்ந்து பார்த்தபோது அடுப்படி வாசலுக்கு அப்பால் ஹாலின் தரையில் வெளிச்சம் கிடந்தது. கோதுமையின் மஞ்சள் வெளிச்சம். அவள் அடுப்படிக்கு வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பல்லி.

மாவுக் கையோடு போய்ப் பார்த்தாள். சுவரில் பல்லி இல்லை, ஜன்னல்கள் அடைத்திருந்தன, ஃபேன் நின்றிருந்தது, அம்மச்சியின் அறைத் திரை ஆடவில்லை. ரிமோட்டைத் தேடி, இழுப்பறை என்று தெரியாத இழுப்பறையைத் தடவித் தடவித் திறந்தாள். காலி. பிளக்கைப் பிடுங்கலாம் என்றால் அது சுவருக்குள். மெயினை அணைக்கலாம். மெயின் சுவிட்ச் அம்மச்சியின் அறையில், கதவுக்குப் பின்னால்.

அந்தத் திரையை ஒரு தடவை பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ரெனி சொன்னது நினைவுக்கு வந்தது. அசையாமல் உட்கார்ந்தால் அணைந்துவிடும். அணைந்தால் மிஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். புருஷன் வருவதற்குள் அந்த ஒரு நிச்சயமாவது வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, சோஃபாவில் உட்கார்ந்து, மாவுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணப் போட்டோவுக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு இருபது.

ஏழு இருபத்தைந்துக்குப் படம் அணைந்தது.

அவள் மூச்சு விட்டாள். சட்டகங்கள் எல்லாம் இருட்டில் கரைந்துபோயின. மாடிப்படிக்கு அடியில் திருஇருதயத்தின் சிவப்பு பல்பு மட்டும். கறுப்புக் கண்ணாடியில் அந்தச் சிவப்பும், சோஃபாவில் உட்கார்ந்திருக்கும் தன் உருவமும், தன் உருவத்துக்குப் பின்னால் திரையும் மங்கலாகத் தெரிந்தன. மிஷின் சரியாக இருக்கிறது. எழுந்து விளக்கைப் போட வேண்டும். இதோ.

அவள் எழவில்லை. விரலைக்கூட அசைக்கவில்லை.

படம் எரிந்தது.

கோதுமை இல்லை. வெள்ளை உடுப்புக் கூட்டம். சவப்பெட்டி. அழித்தாகிவிட்ட போட்டோ. எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். தலைமாட்டில் அவள், அதே அளவான துக்கம். பூக்கிரீடம். கையுறை. ஒரு கை நெஞ்சில் இருந்தது.

ஒரு கைதான்.

மற்றது பெட்டியின் விளிம்புக்கு வெளியே தொங்கியது. விரல்கள் விரிந்து. அந்தக் கையை அப்படிப் பார்த்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

சத்தம் கிளம்பியது. காது கிழிகிற சத்தம். வயலின், அழுகை, "அம்மா என்னை மன்னிச்சிடுங்க" என்று காலைப் பிடித்துக் கதறும் ஒரு பெண் குரல். போன வருடத்து சீரியல். படத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. படத்தின் அடியில் ஒரு பச்சைக் கோடு. அதன் ஓரத்தில் எண். 40.

39.

38.

யாரோ குறைத்துக்கொண்டிருந்தார்கள். அவசரமே இல்லாமல். விரலுக்குப் பலம் இல்லாத யாரோ, ஒவ்வொரு அமுக்குக்கும் நடுவில் ஓய்வெடுத்துக்கொண்டு.

30. மழைச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

25. கடிகாரம்.

18. அழுகைக்கு அடியில் வேறொன்று. சீரியலில் இல்லாதது.

9.

4.

0.

"திரேசியே."

திரைக்குப் பின்னாலிருந்து. பொறுமையான குரல். முதல் தடவை கூப்பிடும் குரல் அல்ல.

"மோளே. கொஞ்சம் தண்ணி."

அவள் அசையவில்லை. அசையாவிட்டால் அணைந்துவிடும். ஐந்து நிமிடம். ஐந்தே நிமிடம். உள்ளே தம்ளர் விழுந்தது. தரையில் உருண்டது. திரை வரைக்கும் உருண்டு வந்து நின்றது.

பிறகு கூப்பிடவில்லை.

ஏழு முப்பத்தைந்து. மாவு கையில் காய்ந்து இறுகியது. கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. தைல வாசனை முதலில் தூரத்தில் இருந்தது. பிறகு அவ்வளவு தூரத்தில் இல்லை.

ஏழு நாற்பது. அவள் ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

ஏழு நாற்பத்தைந்து.

படம் அணையவில்லை.