பின்வரிசையில் ஒரு கால்

தாளம் போடும் தட்டுக்கழி நின்ற பிறகும் ஒரு கால் தரையில் விழுந்தது.

லோகாம்பாள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷமாக வகுப்பு நடக்காமல் கிடந்த சமுதாயக் கூடம் அது. எழுபத்தேழாம் வருஷத்துப் புயலில் ஓடு பறந்து, கரையோரத்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து தங்கி, அப்புறம் கொம்யூன் பஞ்சாயத்துக்காரர்கள் மெதுவாக, அவர்கள் பாணியில் மிகமிக மெதுவாக, கூரை மாற்றி வெள்ளையடித்து இன்றைக்குத்தான் திறந்துவிட்டிருந்தார்கள். முன்கட்டில் இளவட்டங்கள் கர்லாக்கட்டை சுற்றும்போது இழுத்துவிடும் மூச்சு, பக்கத்து அறையில் ஓவிய வாத்தியார் அந்தோணிமுத்து பிள்ளைகளை அதட்டும் குரல், காயாத சுண்ணாம்பின் வாசனை, அரசலாற்றுப் பக்கமிருந்து வந்த உப்புக் காற்று எல்லாம் பழையபடியே இருந்தன. அவளிடம் நாட்டியம் படித்த பழைய பிள்ளைகளும் திரும்பி வந்திருந்தார்கள், ஓரங்குலம் இரண்டங்குலம் வளர்ந்து. இத்தனை நாள் விட்டுப்போன கால், பிந்தத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

"தெய்யா தெய்."

கழி பலகையில் விழுந்தது. கால்கள் சேர்ந்து விழுந்தன. பிறகு, பின்வரிசை மூலையிலிருந்து, தனியாக ஒன்று.

"யாரு அது பின்னால? கழியைக் கேட்டு ஆடுங்க."

"நான் இல்ல டீச்சர்," என்றாள் கடைசியில் நின்ற ஜெயமேரி. "எனக்குப் பக்கத்துல."

அவளுக்குப் பக்கத்தில் சுவர்தான் இருந்தது. சுவருக்கும் தனக்கும் நடுவே ஒரு பிள்ளை நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றிருந்தாள் ஜெயமேரி. யாரும் அவளை அப்படி நிற்கச் சொல்லவில்லை.

பேய் என்றால் சலங்கைச் சத்தம் கேட்கும் என்பார்கள். இது சலங்கை இல்லை. வெறும் பாதம். நனைந்த உள்ளங்கால் சிமெண்டுத் தரையில் படும்போது எழுகிற சத்தம், அதுவும் கழிக்கு அரைத்தட்டு பிந்தி. அந்த அரைத்தட்டு லோகாம்பாளுக்கு நன்றாகத் தெரியும். அவள் மகள் அல்லி எத்தனை திட்டு வாங்கினாலும் அந்த மூலையில் நின்று அப்படித்தான் ஆடுவாள். "டீச்சர் பொண்ணே இப்படின்னா ஊரு சிரிக்காதா?" என்று சோறு போடும்போதுகூட இடித்துக்காட்டுவாள் தாய். அல்லிக்கு உறைக்கவே உறைக்காது. வகுப்பு முடிகிற நேரத்தில் மட்டும் எல்லோரையும் முந்திக்கொண்டு, "இன்னொரு வாட்டிம்மா" என்பாள்.

நாட்டியம் படிக்கும் பிள்ளைகள் பூமியை மிதித்து ஆடுகிறார்கள். அதனால் தொடங்கும்போது குனிந்து தரையைத் தொட்டு அனுமதி கேட்பார்கள். முடித்ததும் அதேபோல் குனிந்து மன்னிப்புக் கேட்பார்கள். தட்டிக்கும்பிடுவது என்பார்கள் அதை. கடைசியில் கும்பிடாத வகுப்பு முடிந்த வகுப்பாகாது. காய்ச்சலோடு துவளும் பிள்ளையைக்கூடக் கும்பிடவைத்துத்தான் அனுப்புவாள் லோகாம்பாள்.

புயலன்று மட்டும் மறந்துபோனாள். ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்ட வேகத்தில், ஓடுங்க, வீட்டுக்கு ஓடுங்க என்று எல்லோரையும் விரட்டினாள். பாய்களை மேலே ஏற்றிவைத்துவிட்டு வருகிறேன், நீ முன்னால் போ என்று அல்லியையும் விரட்டினாள். பெற்ற வயிறு அந்த நேரத்தில் பாயைப் பற்றி நினைத்தது. வாய்க்கால் மதகில் பிள்ளை கிடைத்தபோது, ஆடுவதற்காக இழுத்துச் சொருகிய பாவாடை சொருகினபடியே இருந்தது.

அப்படியானால் அன்றைய வகுப்பு இன்னும் முடியவில்லை.

நினைத்ததும் லோகாம்பாள் கழியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இரண்டு வருஷமாக அவள் அறியாத சந்தோஷம் ஒன்று இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. கும்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். அல்லியும் போய்விடுவாள். இந்தத் தடவை ஒரேயடியாக.

"இன்னொரு தடவை ஆடுங்க," என்றாள்.

அப்புறம் இன்னொரு தடவை. கர்லாக்கட்டைகள் மூலைக்குப் போயின, ஓவியப் பிள்ளைகள் கலைந்தார்கள், குண்டு பல்பு பழுத்த மஞ்சளாக எரிந்தது, சுண்ணாம்பு வாசனையை மெல்ல அமுக்கிக்கொண்டு வாய்க்கால் சேற்றின் வாசனை வந்தது. அந்தோணிமுத்து கதவருகே வந்து நின்றார்.

"டீச்சர், இருட்டிப்போச்சுங்க. தாய்மாருங்க வாசல்ல நிக்கிறாங்க. புள்ளைங்கள விடுங்க."

"இதோ ஆச்சு வாத்தியாரே."

அவர் தரையைப் பார்த்தார். "கூரையத்தான் மாத்திட்டாங்களே. தண்ணி எங்கேருந்து வருது?"

லோகாம்பாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"கால் வலிக்குது டீச்சர்," என்றாள் ஜெயமேரி.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா."

"நிறுத்துனாலும் நிக்க மாட்டேங்குது டீச்சர்."

அது அவள் காதில் விழுந்தது. விழுந்தும் கழியை நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டினால் அல்லி தாளத்தை எட்டிப் பிடித்துவிடுவாள் என்று தோன்றியது. இரண்டாம் காலம். மூன்றாம் காலம்.

அல்லி முந்தி வரவில்லை. மற்றவர்கள் பிந்தினார்கள்.

முதலில் ஜெயமேரி. அப்புறம் அவள் வரிசை. அப்புறம் எல்லோரும். கழி விழுந்தது. ஒரு வெறுமை. பிறகு கால்கள். எல்லாக் கால்களும். ஈரமாக.

கதவைத் தட்டினார்கள். "ஜெயமேரி" என்று யாரோ ஒரு தாய் கூப்பிட்டாள். வரிசையில் ஒரு தலையும் திரும்பவில்லை. அந்தத் தாயின் குரல்தான் லோகாம்பாளை உலுக்கியது. அதே குரலில்தான் அவளும் அன்று வாய்க்கால் கரையெல்லாம் கத்திக்கொண்டு போனாள். கழியைக் கீழே போட்டாள்.

"போதும் கண்ணுங்களா. தட்டிக்கும்பிடுங்க."

அவளே முதலில் குனிந்தாள். கை தரையைத் தொடவில்லை. தண்ணீரைத் தொட்டது. குளிர்ந்த தண்ணீர். அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மன்னித்துக்கொள் பூமித்தாயே என்று மனதுக்குள் அழுதாள். என் பிள்ளையை அனுப்பிவிடுகிறேன், இந்தப் பிள்ளைகளை விட்டுவிடு.

நிமிர்ந்தாள்.

யாரும் குனிந்திருக்கவில்லை. முழங்கால் மடித்த அரைமண்டியில் அப்படியே நின்றார்கள். பின்னல்கள் அவிழ்ந்து, முகத்தை மூடிக்கொண்டு தொங்கிய கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஓரங்குலம் இரண்டங்குலம் வளர்ந்திருந்தவர்கள் எல்லோரும் இப்போது ஒரே உயரம்.

அல்லியின் உயரம்.

ஒரு நொடி கழிந்தது. அதற்கு அரைத்தட்டு பிந்தி, எல்லா வாய்களும் சேர்ந்து சொல்லின.

"இன்னொரு வாட்டிம்மா."

எது தன் பிள்ளை என்று பெற்றவளுக்குத் தெரியவில்லை. கதவுக்கு வெளியே தாய்மார்கள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லோகாம்பாள் தண்ணீரில் மிதந்த கழியை எடுத்தாள்.